பத்தொன்பது பங்கும் பூசணிக் கொழுந்தும்

கேமரன் மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் மூடுபனியில் தொடங்கி ஸ்ட்ராபெரியில் முடிக்கிறார்கள். நடுவில் கூடை சுமந்த ஒரு தேயிலைக்காரியின் படம் இருக்கும். அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் அன்று மதியம் என்ன சாப்பிட்டாள் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் 1984 நவம்பர் கடைசி வாரம் மலையேறினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. தானா ராத்தா மருத்துவமனையில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருக்கும் என் பள்ளித் தோழன் குணசேகரன் கடிதம் போட்டிருந்தான்.

"டவுனில் நாங்கள் பன்னிரண்டு குடும்பம். ஒரு தேயிலைத் தோட்டத்து லைனில் ஏழு குடும்பம். சேர்ந்து காய்கறி போடுகிறோம். விதைக்கும் எருவுக்கும் நாங்கள் போகத்துக்கு முன்பே கொடுத்துவிடுவோம், பாடு அவர்களுடையது, விளைவதைப் பத்தொன்பதாகப் பிரித்துக்கொள்வோம். அடுத்த வருடம் தொடர்வதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறோம். வந்து பார். வாயை மூடிக்கொண்டு பார்."

கடைசி வரியை நான் பொருட்படுத்தவில்லை. வேலை செய்யும் அச்சகத்தில் நான்கு நாள் விடுப்பு வாங்கினேன். அரசாங்க உத்தியோகஸ்தர்கள் விவசாயி வேடம் போடுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு கோலாலம்பூர் புடுராயாவிலிருந்து தாப்பாவுக்குப் பேருந்து. கட்டணம் ஐந்து வெள்ளி எண்பது காசு. பத்தே முக்காலுக்குத் தாப்பா. அங்கே நிலையத்துக்கு எதிரே காப்பி நன்றாக இருக்கிறது, வடை வேண்டாம். பதினொன்றரைக்கு மலைப் பேருந்து. அறுபது கிலோமீட்டர், மூன்று வெள்ளி இருபது காசு, இரண்டு மணி நேரம். முதல் அரைமணிக்குப் பிறகு சாலையில் நேர்கோடு என்று எதுவும் கிடையாது. எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

ஓட்டுநர் தமிழர், ஐம்பது வயதிருக்கும். என் முகம் வெளுப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு முன்சீட்டுக்குக் கூப்பிட்டார்.

"இங்க வந்து உக்காருங்க தம்பி. வாந்தி வந்தா சன்னல் பக்கம் லா. என் பக்கம் வேணாம், இப்பதான் சட்டை போட்டேன்."

எதிரே முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எங்கள் பேருந்து மலையோடு ஒட்டி நின்று வழிவிட்டது. இவ்வளவும் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"நல்லதெல்லாம் கீழ போவுது. கோலாலம்பூர், சிங்கப்பூர். சுமாரானது ஈப்போவுக்குப் போவுது. மிச்சம்தான் மலையில இருக்கும்."

"மிச்சம்னா?"

"நாங்கதான்" என்றார். கியர் மாற்றினார்.

ஒன்றரைக்குத் தானா ராத்தா. மழை தூறிக்கொண்டிருந்தது. குணாவின் அரசாங்க வீட்டில் தங்கினேன். உங்களுக்கு அப்படி ஒரு நண்பன் இல்லையென்றால் கடைத்தெருவிலேயே அறை கிடைக்கும், பதினாலு வெள்ளி. கூடுதலாக ஒரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை எட்டுக்குப் பிரிஞ்சாங் பேருந்து, ஐந்து கிலோமீட்டர், நாற்பது காசு. அங்கிருந்து தோட்டத்து மண்சாலையில் நான்கு கிலோமீட்டர் நடை. தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாருக்குச் சங்கடம் வரும் என்று தெரியும், வருவது துரைக்கு அல்ல. துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைத்துவிடாதீர்கள். இப்போதிருக்கும் மேனேஜர் ஈப்போக்காரர், நம் நிறந்தான். வெள்ளைக்காரர் போய்விட்டார், துரை என்ற பெயரும் பங்களாவும் நாய்களும் அப்படியே இருக்கின்றன. லைன் வீடுகளும் அப்படியேதான் இருக்கின்றன. தகரக் கூரை, பன்னிரண்டு அடி முன்னறை, பொதுக்குழாய். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் வேலை நிற்கும் நாளில் வீடும் கையை விட்டுப் போகும்.

காய்கறி நிலம் லைனுக்குக் கீழே, ஓடையோரப் பள்ளத்தில் இருக்கிறது. ஒரு ஏக்கருக்கும் குறைவு. தண்ணீர் தேங்குவதால் தேயிலை வராது என்று சும்மா கிடந்த இடம். ஏழு குடும்பங்களும் வரப்பு வெட்டி வடிகால் எடுத்து, படிப்படியாகப் பாத்தி கட்டியிருக்கிறார்கள். முள்ளங்கி, பீன்ஸ், பீட்ரூட், சர்க்கரைவள்ளி. மேட்டில் மூங்கில் பந்தலில் சௌசௌ. ஓடைக்கரை முழுக்கப் பூசணிக் கொடி. கீழ்நாட்டிலிருந்து கோழி எரு மூட்டை மூட்டையாக வருகிறது. அந்த வாசனைக்கு உங்களைப் பழக்கிக்கொள்ள ஒரு மணி நேரம் ஆகும்.

இதற்கெல்லாம் தலைமை லெட்சுமி அக்கா. நாற்பது வயது, கொழுந்து பறிப்பவர். இடுப்பில் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாளோடு வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்தார். அதுவரை அவருடைய கணவர் பெருமாள் அண்ணன் என் கையில் மண்வெட்டியைக் கொடுத்து வடிகாலில் வேலை வைத்திருந்தார். முழங்கால் வரை சேறு.

"கோலாலம்பூர்ல என்ன வேலை தம்பி?" என்றார் அக்கா.

"அச்சகத்துல, அக்கா. எழுத்துக் கோக்கிறது."

"அதான். சேத்தையும் எழுத்து எழுத்தா எடுத்து வைக்கிறீங்க."

பெருமாள் அண்ணன் சிரித்த சிரிப்பு எதிர்மலையில் கேட்டிருக்கும்.

முட்டைக்கோஸ் பாத்தி இரண்டையும் அப்போதுதான் கவனித்தேன். கருகி, வேரோடு அழுகி, வரிசையாகக் குழிந்து கிடந்தன. ஐந்து வாரமாக விடாத மழை. கேரட்டும் பிளந்துவிட்டது. ஆனால் பூசணிக் கொடி அந்த மழையைக் குடித்து ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போயிருந்தது. பந்தலில் சௌசௌ கை வைக்க இடமில்லாமல் தொங்கியது. மலையில் குளிர்காலம், கோடைகாலம் இல்லை. மழைமாதம் உண்டு, மழை குறைந்த மாதம் உண்டு. அந்தந்த மாதத்துக்கு எது நிற்கிறதோ அதுதான் பருவக் காய். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மூன்று மணிக்கு அக்கா ஒரு சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "தம்பி, கியா பார்ம் வரைக்கும் வர்றீங்களா, தூக்க ஒரு ஆள் வேணும்" என்றார். தோட்டத்து லோரி அந்தப் பக்கம் போனது, ஏறிக்கொண்டோம். பிரிஞ்சாங்குக்கு மேலே மூன்று கிலோமீட்டர். சாலையோரக் கடைகளில் சுற்றுலாக்காரர்கள் ஸ்ட்ராபெரியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையில் பன்னிரண்டு முட்டைக்கோசும் ஒரு சிப்பம் கேரட்டும் பொறுக்கினார். சேலை முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். தவுக்கே அவரை அடையாளம் தெரிந்து தலையாட்டினார்.

"எதுக்கு அக்கா இவ்வளவு?"

"நாளைக்குக் கூடைக்கு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. டவுன் குடும்பங்களுக்குப் போகும் பன்னிரண்டு கூடை.

"நம்ம தோட்டத்துலதான் சௌசௌவும் கீரையும் காய்ச்சிக் கொட்டுதே."

"அதப் போயி அவங்களுக்குக் குடுக்கவா? பூசணிக் கொழுந்தும் கீரையும் லைன்ல திங்கிறது தம்பி. லேண்ட் ஆபீஸ் சார் வூட்டுக்கும் டீச்சர் வூட்டுக்கும் அத வாழநாருல கட்டி அனுப்பினா, அவங்களப் போல நம்மளையும் நெனச்சிட்டாங்களேன்னு நெனைப்பாங்க. மொதல் வாரம் கூடையில கீரைய வைக்கக் கை வரல. அப்புறம் அப்படியே பழகிப்போச்சி. நாலு வாரமா இப்படித்தான் ஓட்டுறேன்."

"உங்க சம்பளத்துலயா?"

"கத்தாதீங்க லா. தவுக்கேக்குத் தமிழ் வெளங்கும்."

திரும்பும் வழியில் லோரியின் பின்பக்கம் சாக்கின்மேல் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். புதுத் துரை வந்ததிலிருந்து அந்தப் பள்ளத்தில் தேயிலை நாற்றங்கால் போடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஓடைத்தண்ணீர் பக்கத்திலேயே இருப்பது வசதி. அனுமதி என்று எழுத்தில் எதுவும் இல்லை, பழைய கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், வாயால் சொன்னதுதான். இதுவரை கை வைக்காததற்கு ஒரே காரணம், கூடை வாங்குகிறவர்களில் லேண்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கின்றன.

"அந்தப் பேருங்க இருக்கிறவரைக்கும்தான் இந்த எடம். நாளைக்கு அவங்க வேணாம்னு சொன்னா, நாலா நாள் லோரி வந்து பாத்திய மட்டம் பண்ணிரும். பதினாலு வயசுலேர்ந்து நான் பண்ற வேலை எல்லாம் யாரோ சொல்லிப் பண்றது. அந்தப் பள்ளம் மட்டுந்தான் நானா முடிவு பண்ணி நட்டது. அத விட முடியாது தம்பி."

அன்று முழுக்க எனக்கு அடங்காத கோபம். குணாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அக்கா கேட்டிருந்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு லைன் கோயில் கொட்டகையில் கூடினார்கள். டவுன்காரர்கள் பன்னிரண்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். மூன்று மோட்டார் காடி, ஒரு வேன், மற்றவர்கள் நடை. கூடைகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் மேலே ஒரு முட்டைக்கோஸ், மணமகன் தலைப்பாகை மாதிரி. பக்கத்து அடுப்பில், பழைய தேயிலைக் கட்டையை எரித்து லைன் பெண்கள் தங்கள் மதியச் சமையலை ஏற்றியிருந்தார்கள். டவுன்காரர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் மட்டும் வந்தது. இத்தனை மாதமாக அவர்களில் யாரும் அந்தக் கொட்டகையில் சோறு சாப்பிட்டதில்லை என்று பெருமாள் அண்ணன் என் காதில் சொன்னார். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லையாம். யாரும் கேட்டதுமில்லையாம்.

பேச்சைத் தொடங்கியவர் சிவலிங்கம் சார். லேண்ட் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. குடையை மடக்காமல் கொட்டகைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"குறை சொல்றேன்னு நெனைக்கக் கூடாது. ஆரம்பத்துல ரகம் ரகமா வந்திச்சி. இப்ப நாலு வாரமா முட்டைக்கோஸ், கேரட், முட்டைக்கோஸ், கேரட். இது பசார்லயே கெடைக்கிது. இதுக்காக இவ்வளவு தூரம் வரணுமா? அடுத்த வருஷம் வேணுமான்னு யோசிக்கத்தான் வேணும்."

இரண்டு மூன்று தலைகள் ஆடின. லெட்சுமி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் மூடவில்லை.

"பசார்ல வாங்கினதுதான் சார் அது. உங்க பாத்தி அழுகிப்போச்சி. அக்கா கொழுந்து பறிச்ச சம்பளத்துல கியா பார்ம்ல வாங்கி உங்க கூடைய நெறைக்கிறாங்க. உங்களுக்குக் கீரை குடுத்தா கௌரவக் குறைச்சலாம். நீங்க என்னடான்னா ரகம் போதலங்கிறீங்க."

டவுன்காரர்களை வெட்கப்படுத்தத்தான் சொன்னேன். வெட்கப்பட்டவர் அக்கா. தலை குனிந்து, ஈரமில்லாத கையைச் சேலையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். குணா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"ஏம்மா, எங்கள ஏமாத்தினீங்களா?" என்றார் சிவலிங்கம் சார்.

"ஏமாத்தல சார். வெக்கமா இருந்திச்சி."

கமலம் டீச்சர் எழுந்தார். தமிழ்ப்பள்ளியில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறவர், கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர் என்று குணா சொல்லியிருந்தான்.

"சரி. அப்ப தோட்டத்துல வெளைஞ்சதெல்லாம் எங்க போச்சி?"

"நாங்க சமைச்சிக்கிறோம் டீச்சர்."

"நாலு வாரமாவா?"

"நாலு வாரமா."

"பத்தொன்பது பங்குன்னுதானே பேச்சு. அப்ப எங்க பன்னெண்டு பங்கையும் சேத்து நீங்களே தின்னுட்டீங்க."

பெருமாள் அண்ணன்தான் வயிற்றைத் தடவிக்கொண்டு, "அதான் டீச்சர், நான் ஒரு சுத்துப் பெருத்துட்டேன்" என்றார்.

முதலில் சிரித்தது ஒரு லைன் பெண். பிறகு டீச்சர். பிறகு குணாகூட. அக்கா சிரிக்கவில்லை, ஆனால் தலையை நிமிர்த்தினார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்கு வந்து மணையில் உட்கார்ந்தார்.

"அந்தக் கொழுந்த இங்க தள்ளுங்க. எங்கம்மா ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்டினவங்க. எனக்கு இத ஆயத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவர் ஆய்ந்ததைப் பார்த்ததுமே அது பழகிய கை என்று தெரிந்தது. பூசணிக் கொழுந்தின் தண்டை நுனியில் ஒடித்து, நாரை இலையோடு சேர்த்து உரிக்க வேண்டும். இலையை உள்ளங்கையில் கசக்கினால்தான் சுணை போகும், இல்லாவிட்டால் நாக்கில் அரிக்கும். சௌசௌவைத் தண்ணீருக்குள் வைத்துத் தோல் சீவ வேண்டும், வெளியே சீவினால் கையில் பால் ஒட்டிக் காய்ந்து உரியும். அதைப் பருப்போடும் கருவாட்டோடும் வேகவிட்டார்கள். கொழுந்துக்கு இடித்த சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், நெத்திலி. மலையில் தேங்காய் விலை அதிகம், அதனால் பால் கிடையாது, பருப்பு வேகவைத்த தண்ணீர்தான். முள்ளங்கி இலையைப் பொடியாக அரிந்து பொரியல். வேலை தெரியாதவர்களுக்குப் பீன்ஸ் நார் எடுக்கும் வேலை. பன்னிரண்டேகாலுக்குச் சோறு இறங்கியது.

நான் ருசியைப் பற்றிக் கவிதை எழுதுகிற ஆள் இல்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இதையெல்லாம் ஒரு குடும்பச் சித்திரமாக்கிவிட மாட்டேன். இரண்டு குடும்பங்கள் சாப்பிடாமலேயே கிளம்பின. அடுத்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டே போனார்கள், ஒருவர் மட்டும் மன்னிக்கச் சொன்னார். பத்துக் குடும்பம் மிஞ்சியது. அந்தப் பத்தில் துரையை உண்மையிலேயே தயங்க வைக்கக்கூடிய பெயர் ஒன்றுதான், சிவலிங்கம் சாருடையது. அவர் உட்காரவுமில்லை, கிளம்பவுமில்லை. குடையோடு பாத்திகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தார். அழுகின முட்டைக்கோஸ் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"சார், ஒரு கை சாப்பிடுங்க" என்றார் அக்கா. அந்த நான்கு வார்த்தைக்கு அவர் எவ்வளவு தைரியம் சேர்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"வீட்ல சமைச்சாச்சிம்மா."

"சரிங்க சார்."

"என் பேரு இருக்கட்டும்" என்றார். பிறகு, "இனிமே என்ன வெளையுதோ அதையே போடுங்க. கூடையில பாதி காலியா இருந்தாலும் பரவால்ல."

காடியில் ஏறி உட்கார்ந்தவர் கண்ணாடியை இறக்கி அக்காவைக் கூப்பிட்டார். பூசணிக் கொழுந்து இரண்டு கட்டு கேட்டு வாங்கிக்கொண்டு, எப்படி ஆய்வது என்று சன்னமான குரலில் கேட்டார். அக்கா சொல்லச் சொல்ல ஓர் உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அரசாங்க உறை.

காடி போன பிறகு நான் பொருமினேன். லைனில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியாது, ஆனால் லைன் கீரை வேண்டும். இவருடைய தாத்தா மட்டும் என்ன தனிக் கப்பலிலா வந்தார் என்றேன்.

லெட்சுமி அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"அவரு எங்க உக்காந்து தின்னா எனக்கென்ன தம்பி? பேரு இருக்குல்ல. எடம் இருக்குல்ல. நீங்க காலையில அவருகூட சண்ட போட்டீங்க. தோத்திருந்தா நாளைக்கு நீங்க பஸ் ஏறிருவீங்க. நான் எங்க ஏறுறது?"

மன்னிப்புக் கேட்டேன். கழுவின சட்டியை என் கையில் கொடுத்து, கவிழ்த்து வைக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை பத்தரைப் பேருந்தில் இறங்கினேன். சாக்கில் எட்டுச் சௌசௌ. என் கோபம் தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. அந்த லைன் வீடுகளையும், வாய்வார்த்தை அனுமதியையும், ஒரு குமாஸ்தாவின் பெயர்தான் ஏழு குடும்பத்தின் காய்கறிக்கு வேலி என்பதையும் கோபப்படாமல் பார்க்க முடிந்தால் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்தக் கோபத்துக்கு நான் எடுத்துச் செலவழித்தது அக்காவின் கௌரவத்தை. கேட்காமலே எடுத்தேன். அவர் பெரிய மனசுக்காரர் என்பதால் தப்பித்தேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பரில் போனால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அட்டைக்கு உப்போ புகையிலைத் தூளோ போதும். மழைமாதத்தில் முட்டைக்கோஸ் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள், பிப்ரவரி மார்ச்சில் பாத்தி காய்ந்த பிறகு போனால் தாராளமாகக் கிடைக்கும். லைனுக்குப் போகிறவர்கள் காமிராவைப் பையிலேயே வைத்திருங்கள், நெத்திலி அரைக் கிலோ கொண்டுபோங்கள், அது மேலே விலை. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு வேளைச் சோறு உண்டு. தாப்பாவுக்குக் கடைசிப் பேருந்து மாலை நான்கரைக்கு.

தோட்டத்தின் பெயர் வேண்டுமென்றால் தானா ராத்தாவில் யாரையாவது கேளுங்கள், தமிழில் கேட்டால் சொல்வார்கள். ஞாயிறு பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். பத்தரைக்கு மேல் போனால் பூசணிக் கொழுந்து இருக்காது என்று போன வாரம் குணா எழுதியிருக்கிறான். லேண்ட் ஆபீசில் மட்டும் இப்போது ஆறு வீட்டுக்குப் போகிறதாம்.